கம்பளி என்று எழுதியவன்

1

இந்தக் கதை ஒரு சொல்லால் வந்தது. அந்தச் சொல்லை எழுதியவன் நான். சொல் 'கம்பளி'. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத சொல் என்று நாற்பத்தாறு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியது இது:

"கரடி கண்ணைத் திறந்தபோது கம்பிகளின் மேல் வெயில்...

நிறுத்திவிட்டேன். கரடி கண்ணைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தவன்போல எழுதியதால்தான் இவ்வளவும் நடந்தது. இரண்டாவது தொடக்கம்:

"ஒரு தையல்கார அம்மாவுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. காரணம்...

'காரணம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மூன்றாவது தொடக்கத்தை உங்களிடம் காட்டப்போவதில்லை. அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

சரி, தொடக்கம் கிடக்கட்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பகலெல்லாம் மற்றவர்கள் விட்ட ஒற்றையும் கொம்பையும் பொறுக்கி எடுத்து ஓரத்தில் குறி போடுவது வேலை. மற்ற நேரத்தில் கவிதை எழுதுவேன். மழை, மரம், பறவை, விலங்கு. மெலிந்த தொகுப்புகள் இரண்டு வந்திருக்கின்றன. ஒரு கூட்டத்தில் என்னை 'இயற்கைக் கவிஞர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். நானும் மறுக்கவில்லை.

என் மனைவியின் தம்பி பெயர்ப்பலகை செய்பவன். ஊருக்கு வெளியே இருக்கும் விலங்குப் பூங்காவில் எல்லாப் பலகைகளையும் புதிதாக மாற்றும் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, வெறும் பேரு, எடை, என்ன சாப்பிடும்னு போட்டா யாரும் நின்னு படிக்க மாட்டேங்குறாங்களாம். ஒவ்வொரு கூண்டுக்கும் நாலு வரி கவிதை வேணும்கிறாங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே."

பதினொரு கூண்டுகள். பதினொரு புகைப்படங்களைக் கொடுத்தான். சாப்பாட்டு மேசையில் வைத்து, இரண்டு மதியங்களில் பதினொன்றையும் எழுதி முடித்தேன். ஏழாவது படம் ஒரு பெண் கரடி. கம்பிகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் எழுதியது:

பயப்படாதே, அருகில் வா.
இந்தக் கறுப்புக் கம்பளிக்குள்ளும்
உன்னைப் போல ஒரு குழந்தை
தேனைக் கனவு காண்கிறது.

மைத்துனன் படித்துவிட்டு, "மிரட்டிட்டீங்க மாமா" என்றான். பூங்கா அலுவலகத்திலும் எல்லோருக்கும் பிடித்திருந்ததாம். கரடிக்கூண்டின் முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. பலகையை அதில்தான் மாட்டினார்கள்.

(எழுதும்போது எனக்கு அச்சமே வரவில்லை. புகைப்படத்தின் எதிரில் உட்கார்ந்து யாருக்கும் அச்சம் வராது. நம் பழைய அகப்பாட்டுகளில் மலை அழகாக இருக்கும். அதே மலையின் இருட்டுப் பாதையில் யானையும் புலியும் நிற்கும். அந்த வழியாக அவன் வருவானே என்று அவள் நடுங்குவாள். அழகையும் அச்சத்தையும் அந்தப் புலவர்கள் தனித்தனியாகப் பிரித்து வைக்கவில்லை. பிரித்து வைக்கும் வசதி அவர்களுக்கு இருந்திருக்காது, அந்தப் பாதையில் அவர்களும்தானே நடந்தார்கள். நான் வேலைக்குப் பேருந்தில் போகிறேன்.)

3

பலகை மாட்டி ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும்.

அந்தத் தையல்கார அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பூங்காவிலிருந்து ஐந்து நிறுத்தம் தள்ளி, ஒரு மாடிப்படியின் அடியில் அவருடைய கடை, வீடும் அதுதான். குளிர்கால மேலங்கிகள் தைப்பதில் பேர் எடுத்தவர். துணி வாங்க நாற்பது வருடமாக அந்தப் பூங்கா வழியாகத்தான் பேருந்தில் போய்வருகிறார், ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. அன்று தெருவில் மின்சாரம் இல்லை. மெஷின் ஓடாது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கரடிக்கூண்டின் முன்னால் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை; இதெல்லாம் அவரே பின்னால் சொன்னது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நான்கு வரிகளையும் படித்தார். கரடி படத்தில் இருந்தமாதிரியே கம்பிகளில் முதுகைச் சாய்த்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கம்பியின் இடைவெளியில் முடி வெளியே பிதுங்கியிருந்தது. தடுப்புக்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டடிதான். அவர் தடுப்பின் மேல் வயிற்றை அழுத்திக் குனிந்து, வலது கையை நீட்டி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்த முடிக்குள் விட்டார்.

அப்போது கரடியின் மனதில்...

[விட்டுவிட்டேன். கரடியின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை தெரிந்தமாதிரி எழுதினேன். தேன், கனவு, குழந்தை.]

கரடியைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் பின்பக்கம் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பின்னாளில் சொன்னதைத் தருகிறேன்:

"அதுக்குக் கைன்னு தெரியாதுங்க. முதுகுல என்னமோ பட்டுச்சு, சட்டுனு திரும்பிச்சு, வாயில கிடைச்சதக் கவ்விச்சு. நான் கத்துனதும் விட்டுடுச்சு. எல்லாம் நீங்க ஒரு தும்மல் போடற நேரம்தான்."

இரண்டு விரல்களும் இரண்டாவது கணுவரை போய்விட்டன. கத்தரி பிடிக்கும் கை.

4

இந்தப் பகுதி முதல் பிரதியில் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

விஷயத்தை மைத்துனன்தான் தொலைபேசியில் சொன்னான். அடுத்த நாளே வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. பூங்கா அலுவலகத்தில் விசாரணை நடக்கிறதாம், பலகை சம்பந்தப்பட்ட எல்லோரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் மாமா. கவிதைன்னா கவிதைதான், அத அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா எடுபடும்."

எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மா அப்போது மருத்துவமனையில் இருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. எழுதியது இது:

'கவிதையில் வரும் "அருகில் வா" என்பது மனத்தால் நெருங்குவதைக் குறிக்கும். அதை உடலால் நெருங்குவதாகப் பொருள்கொள்வது வாசகரின் பிழை.'

என்ன ஒரு நடை பாருங்கள். எனக்கே அப்போது பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பூங்கா வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'பெண் பார்வையாளர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து' என்று அது ஆரம்பித்தது. கரடியை உள்கூண்டில் அடைத்துவிட்டார்கள். ஆளைக் கடித்த விலங்கை என்ன செய்வதென்று மேலிடம் முடிவெடுக்கும்வரை அது வெளியே வரக்கூடாது. என் பலகை மட்டும் அங்கேயே தொங்கியது. காலிக் கூண்டைக் காட்டி, பயப்படாதே, அருகில் வா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

5

அதற்கும் பத்து நாள் கழித்துத்தான் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மனசாட்சி உறுத்தியதால் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் என் மனைவிதான் அனுப்பினாள். "உன் தம்பிக்காகத்தானே எழுதினேன்" என்றேன். "தம்பிக்காக எழுதினீங்க சரி. அந்தம்மாவுக்காக ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்றாள்.

கதவைத் திறந்தது மகள். முப்பது வயது இருக்கும். மருந்துக்கடையில் வேலை, அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னேன், புரியவில்லை. கரடிப் பலகை என்றேன்.

"ஓ. நீங்கதானா அந்தப் பயப்படாதே?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது.

அவள் உள்பக்கம் திரும்பி, "அம்மா, பயப்படாதே வந்திருக்காரு" என்றாள்.

ஒரே அறை. ஜன்னலோரம் மெஷின், அதன் மேல் ஒரு பழைய போர்வை. வெட்டுமேசையில் சுண்ணக்கட்டிக் கோடுகளோடு ஒரு மேலங்கித் துணி பாதி வெட்டியபடி கிடந்தது. அந்த அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் ஒரு தலையணையில் வைத்திருந்தார்.

"உக்காருங்க தம்பி. அந்த நாற்காலில ஊசி கிடந்தாலும் கிடக்கும், பாத்து."

ஒரு மன்னிப்பைத் தயார்செய்து கொண்டுபோயிருந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க அதத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைம்மா."

"பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"இல்லை. போட்டோ பாத்து எழுதினேன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். விசாரணைக் காகிதங்களின் நகல். படித்தாள்.

"'அதை உடலால் நெருங்குவதாகப் பொருள்கொள்வது வாசகரின் பிழை.' இது நீங்க எழுதினதுதானே சார்? எங்கம்மா செஞ்சது பிழையா?"

[இந்தப் பிரதியை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "'கத்தினாள்'னு எழுதியிருக்கீங்க. நான் கத்தலை. சாதாரணமாத்தான் கேட்டேன்." ஆமாம், சாதாரணமாகத்தான் கேட்டாள். திருத்திவிட்டேன்.]

பிழை என் தொழிலின் சொல். ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிறேன். அதை ஓர் ஆளின் மேல் எழுதியிருக்கிறேன் என்பது இன்னொருவர் வாய்விட்டுப் படித்தபோதுதான் காதில் விழுந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன், ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று.

"அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

"இல்லை. என் பிழை."

"அத இங்க சொல்லி என்ன சார் பிரயோஜனம்? வாசல்ல ஒட்டியிருக்காங்க, போற வர்றவங்கல்லாம் படிக்கிறாங்க. கடைக்கு வர்றவங்க, 'ஏம்மா, கரடி வாயில கைய விட்டியாமே'ன்னு கேக்குறாங்க. சிரிக்கிறாங்க. நாப்பது வருஷமா இந்தத் தெருவுல அம்மாவப் பாத்து யாரும் சிரிச்சதில்ல."

அதோடு அவள் வேலைக்குப் போய்விட்டாள். நானும் எழுந்தேன். அந்த அம்மா உட்காரச் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டீங்கன்னு நான் போகல தம்பி. என்னைய அவ்வளவு வெகுளின்னு நெனைக்காதீங்க. கம்பளின்னு எழுதியிருந்துச்சு. எத்தனை வருஷமா கம்பளி வெட்டுறேன்! ரெண்டு விரலால பிடிச்சுப் பாக்காம என்ன ரகம்னு சொல்ல முடியுமா? கை தானா போயிடுச்சு."

அவருடைய இடது கை தானாகவே காற்றில் எதையோ நெருடியது.

"மேல சொரசொரன்னு இருந்துச்சு. உள்ள விட்டா மெத்துன்னு வேற ஒரு முடி. அதுக்கும் உள்ள சூடு. துணி தானா சூடா இருக்காது, போட்டுக்கிறவங்க சூடுதான் அதுல ஏறும். இது உள்ளேர்ந்து வருது. மூச்சுக்கு மேல போயி கீழ வருது. அப்பவே பயந்துட்டேன். கடிக்கிறதுக்கு முன்னாடியே. ஐயோ, உள்ள ஒரு ஆளு இருக்கு, நம்மளத் தெரியாத ஆளுன்னு. கைய எடுக்கணும். எடுக்கத் தோணல. திரும்பிச்சு பாருங்க... அந்த மூஞ்சி, அவ்வளவு கிட்ட. பயங்கர அழகு தம்பி."

* 'பயங்கர அழகு'. இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், கீழே இடமில்லை. நன்றாகப் பாடினால் 'பயங்கரமா பாடினா' என்கிறோம். கவிதை பிடித்தால் 'மிரட்டிட்டீங்க'. ஒன்று அளவுக்கு மேல் நன்றாக இருந்தால் நம் வாய் பயத்தின் பக்கம் போய்ச் சொல் எடுத்துவருகிறது. தெருவில் போகிற எவருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை இருபது வருடம் இயற்கைக் கவிதை எழுதிய நான் ஒரு வரியிலும் பயன்படுத்தியதில்லை. என் விலங்குகள் எல்லாம் நல்ல பிள்ளைகள்.

6

மறுநாள் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். இதில் நடை எதுவும் இல்லை.

'அருகில் வா என்று எழுதினேன். அவர் அருகில் போனார். கம்பளி என்று எழுதினேன். அவர் தொட்டுப் பார்த்தார். எழுதியதைத்தான் அவர் படித்தார். கரடியை நான் நேரில் பார்த்ததில்லை. முந்தைய கடிதத்தில் வாசகரின் பிழை என்று சொன்னது பொய். பிழை என்னுடையது.'

அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மைத்துனனுக்கு விஷயம் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே மாமா" என்றான். அவன் சொன்னது மிகையில்லை. பறவைப் பகுதிக்கான பலகை வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் தெருமுனையில் நின்று கூப்பிடுவான். அவள் போய்ப் பேசிவிட்டு வருவாள். இரண்டு பக்கமும் அவளுக்குத்தான் இடி.

ஆனால் கடிதம் வேலை செய்தது. வாசல் அறிவிப்பைக் கிழித்தார்கள். கம்பிகளின் முன்னால் விரல் நுழையாத வலை அடித்தார்கள், தடுப்பை இன்னும் நான்கடி பின்னால் தள்ளினார்கள். குற்றம் கரடியுடையது இல்லை என்று முடிவாகி, இரண்டு மாதம் கழித்து அதை மறுபடி வெளியே விட்டார்கள். என் பலகையைக் கழற்றினார்கள். "இனிமே இந்தக் கவிதை சமாசாரமே வேண்டாம்" என்றாராம் மேலாளர். நியாயம்தான்.

(கதை என்று பார்த்தால் இங்கேயே முடித்திருக்கலாம். தப்பு செய்தவன் ஒப்புக்கொண்டான், பலகை இறங்கியது. முதல் பிரதியில் அப்படித்தான் முடித்தேன். கூடவே மகள் மனம் இளகி என்னைச் சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்புவதாக ஒரு பத்தியும் இருந்தது. மகளின் பென்சில்: "நான் எப்ப வழியனுப்பினேன்?" அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். இந்தக் கதையில் எனக்குக் கடைசிவரை பிடிபடாத ஆள் அவள்தான். நான் போகும்போதெல்லாம் 'வாங்க' என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அதை என்ன உணர்ச்சி என்று எழுதுவது? பெயர் வைக்காமல் விடுகிறேன்.)

இதற்கு நடுவில் அந்த அம்மா இடது கைக் கத்தரி ஒன்று வாங்கி, பழைய செய்தித்தாள்களில் வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை போவேன். என்னால் ஆனது, தாளில் கோடு போட்டுத் தருவது. ஒரு நாள் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"பலகைய எடுத்துட்டாங்களாமே?"

"எடுத்துட்டாங்கம்மா."

"எடுத்துட்டா? அளவு தப்பாப் போச்சுன்னா துணியத் தூக்கிப் போட்டுடுவீங்களா? பிரிச்சுத் தைக்க மாட்டீங்களா?"

"என்னால முடியுமான்னு தெரியல."

"போட்டோ பாத்து முடியாதுதான்" என்றார்.

7

காப்பாளரைத் தேடிப் போனேன். மெலிந்த மனிதர், என் வயதுதான், காதில் எப்போதும் ஒரு பென்சில். நான் யார் என்று சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பூசணிக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, பாக்கலாம்" என்றார்.

பணியாளர் போகும் பின்வழி அது. சிமெண்ட் நடை, இரும்புக் கதவு, அதற்கப்பால் கம்பியும் வலையும். மதியம் மூன்று மணி வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. முதலில் நாற்றம் வந்தது, ஈரச் சாக்கும் பழைய பழமும் கலந்தமாதிரி. பிறகு சத்தம். நகங்கள் சிமெண்டில் படும் சத்தம், அவசரமில்லாமல். அதற்கப்புறம்தான் கரடி.

படத்தில் அது கறுப்பு. நேரில் அப்படி ஒரே நிறமாக இல்லை. தோள்பட்டையில் செம்மண் ஏறியிருந்தது. மூக்குக்கு மேல் வெளிறிய ஒரு பட்டை. நடக்கும்போது தோலுக்குக் கீழே வேறொன்று தனியாக நடந்தது. பூசணித் துண்டை முன்காலால் அமுக்கி, நகத்தின் நுனியால் விதைகளை ஒதுக்கி, சதையை மட்டும் தின்றது. அத்தனை நாசூக்காக நான் எதையும் சாப்பிட்டதில்லை. பிறகு கெட்டியான தோலைக் கடித்தது. அந்தச் சத்தத்தில் என் பின்னங்கழுத்து சில்லிட்டது.

அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கண்ணை, அந்த வெளிறிய பட்டையை, ஒரு அடி, அரை அடி நெருங்கி. கால் அசையவில்லை. வலை இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ஆபத்து எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

காப்பாளர் என் காலைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"பதினாறு வருஷமா இதுக்குச் சாப்பாடு போடறேன். இன்னிக்கும் பூட்டத் தொடும்போது நெஞ்சு ஒரு தடவ அடிச்சுக்கும். அது அடிக்காத அன்னிக்கு இந்த வேலைய விட்டுடணும்னு வெச்சிருக்கேன்."

"பிடிக்காதா உங்களுக்கு, இத?"

"என்னங்க கேள்வி இது? லீவு நாள்லகூட வந்து பாத்துட்டுப் போவேன். என் வீட்டுல கேட்டுப் பாருங்க, காறித் துப்புவாங்க." கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். "பலகை வேணும்னுதான் நானும் ஆபீஸ்ல சொல்லிட்டிருக்கேன். இப்ப 'அபாயம்'னு மட்டும் போட்டு வெச்சிருக்காங்க. வெறும் அபாயம்னு போட்டா கல்லெறியறாங்க. வெறும் அழகுன்னு போட்டா கைய நீட்டறாங்க. நீங்க எழுதறவருதானே? நடுவுல ஏதாவது இல்லையா?"

என் இருபது வருட எழுத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

எழுத ஒன்பது நாள் ஆயிற்று. ஐந்து வரி. அந்த அம்மாவிடம் எடுத்துப் போனேன்.

கண் போ என்கிறது.
கால் நில் என்கிறது.
இரண்டும் பேசுவது
ஒரே கரடியைப் பற்றி.
ஆகவே இரண்டையும் கேள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். தாளை வெட்டுமேசையில் வைத்தார். இடது கையால் கத்தரியை எடுத்து, கொஞ்சம் கோணலாக, கடைசி வரியை வெட்டி எடுத்துவிட்டார்.

"தச்சு முடிஞ்சா நூல அறுத்துடணும் தம்பி. தொங்க விடக் கூடாது."

மகள் மருந்துக்கடைச் சீருடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி நான்கு வரிகளைப் படித்தாள். "இது இருக்கட்டும். ஆனா இதுக்கு மேல, 'கையை நீட்டாதீர்கள்'னு சிவப்புல, பெரிய எழுத்துல போடணும். அதுக்குக் கவிதை வேண்டாம்" என்றாள்.

அப்படியே ஆனது. மேலாளரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை. காப்பாளரும் அந்த அம்மாவும் நேரில் போய்ப் பேசினார்கள். அந்தக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒருவர் பேசும்போது மேலாளரால் என்ன சொல்ல முடியும்? பலகையை எழுதித் தர என் மைத்துனன்தான் வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்கா கையால் வயிறாரச் சாப்பிட்டான். எழுத்து எவ்வளவு பெரிசு வேண்டும் என்று என்னிடம் கேட்டான். அதுதான் சமாதானம்.

8

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

(அ) தையல்கார அம்மா என்னை மன்னிக்கிறார்.

இதை அவரே தடுத்துவிட்டார். "மன்னிச்சிட்டேன்னு எழுதாதீங்க. மன்னிக்கவும் இல்ல, கோவமும் இல்ல. நீங்க கோடு போட்டுத் தர்றீங்க, நான் வெட்டுறேன். அது போதும்."

(ஆ) அவர் முன்புபோலவே மேலங்கி தைக்கிறார்.

தைக்கிறார். முன்புபோல இல்லை. ஒன்றுக்கு நான்கு நாள் ஆகிறது. காலரில் இடது பக்கம் ஒரு நூல் அளவு தூக்கும், அது அவருக்குத் தெரியும், பிரித்து மறுபடி தைப்பார்.

(இ) கரடி அவரை அடையாளம் கண்டு...

[இதை எழுதவே ஆரம்பித்திருக்கக் கூடாது.]

நடந்ததைச் சொல்கிறேன். பலகை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம்: அந்த அம்மா, மகள், மைத்துனன், நான். கூட்டம் சுமாராக இருந்தது. கரடி முற்றத்தின் நடுவில் ஒரு கட்டையைப் புரட்டி அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தடுப்பிலிருந்து தள்ளி நின்றார். கைகள் இரண்டும் மேலங்கிப் பைக்குள் இருந்தன. கரடியைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை, அது அவருடையது என்று தோன்றியது.

அப்போது ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். நான்கு வயதுப் பெண். எங்களை அவருக்குத் தெரியாது. சிவப்பு எழுத்தை முதலில் படித்தார். பிறகு கவிதையை, பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று, நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தார். கண் போ என்கிறது. கால் நில் என்கிறது. படித்து முடிக்கவும் கரடி கட்டையை விட்டுவிட்டு நேராக எங்கள் பக்கம் நடந்து வரவும் சரியாக இருந்தது. பிள்ளை அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. கண் விரிந்துவிட்டது.

"அப்பா, கிட்டப் போலாமா?"

அவர் பலகையை ஒருமுறை பார்த்தார், கரடியை ஒருமுறை. என் பக்கத்தில் அந்த அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

பிறகு அவர் ஒரு வாக்கியம் சொன்னார். சின்ன வாக்கியம். அதை நான் கேட்டேன், எழுதியும் வைத்திருக்கிறேன். இங்கே தரப்போவதில்லை. தந்தால், என் நான்கு வரிகள் சரியா தப்பா என்று நானே மதிப்பெண் போட்டுக்கொண்டமாதிரி ஆகிவிடும். வாசகரின் பிழை என்று ஒருமுறை எழுதியவனுக்கு அந்த உரிமை கிடையாது.

அந்த வரிகளை நீங்களும் படித்துவிட்டீர்கள். கரடி வந்துகொண்டிருக்கிறது, வெயிலில், அவசரமில்லாமல். பிள்ளை உங்கள் தோளில் உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் முடியைப் பிடித்துக்கொண்டு. கேட்டுவிட்டாள்.

சொல்லுங்கள்.